டைட்டானிக் பற்றி இத்தனை படங்கள் இருக்க, 1958இன் கறுப்பு-வெள்ளைப் படத்தை ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ஜேம்ஸ் கேமரூனின் 1997 படத்தைப் பார்த்தவர்கள், அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எடுத்த ‘எ நைட் டு ரிமெம்பர்’ படத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? அதில் காட்டியிருப்பதில் எவ்வளவு நிஜம்?

முதலாவதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாகப் பாருங்கள். டைட்டானிக்கைப் பற்றி வந்த கதைப்படங்களில் எனக்கு இதுதான் முதலிடம். காரணம், இதில் கப்பல் ஒரு காதலுக்கோ குடும்பச் சண்டைக்கோ பின்னணியாக நிற்கவில்லை. கப்பல்தான் கதை. ஓர் இரவில் சில நூறு பேர் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை, முட்டாள்களும் இல்லை. ஆனாலும் விடிவதற்குள் ஏறக்குறைய 1,500 பேர் செத்துப்போகிறார்கள். அது எப்படி நடந்தது என்பதைக் குரலை உயர்த்தாமல், நிமிடம் நிமிடமாகக் காட்டுகிறது படம்.

இதன் வேர் ஒரு புத்தகம். அமெரிக்கரான வால்டர் லார்ட் 1955இல் அதே தலைப்பில் எழுதியது. அவர் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் அல்ல, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதில் டைட்டானிக்கோடு ஒரே வடிவில் கட்டிய ‘ஒலிம்பிக்’ கப்பலில் பயணம் செய்திருக்கிறார். அப்போது பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை. விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகு, உயிர் பிழைத்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். அவர்கள் சொன்னதையும் விசாரணை ஆவணங்களில் இருந்ததையும் நேர வரிசையில் கோத்தார். சமையற்காரர், கரி அள்ளுபவர், கோடீஸ்வரர், குழந்தையோடு வந்த தாய் என்று யாரிடமும் அதிக நேரம் தங்காமல் ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போகும் எழுத்து அது. மறு ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதை நேரடி ஒளிபரப்பு நாடகமாகப் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நடிகர்கள், 31 அரங்குகள், எல்லாம் நேரலையில்.

படத் தயாரிப்பாளர் வில்லியம் மெக்விட்டி பெல்ஃபாஸ்ட்காரர். 1911 மே 31 அன்று ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்திலிருந்து டைட்டானிக் தண்ணீரில் இறங்கியதை ஆறு வயதுச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர். இந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் உரிமையை வாங்கிவிட்டார். ரேங்க் நிறுவனம் பணம் போட்டது. இயக்கம் ராய் பேக்கர். பின்னாளில் ராய் வார்ட் பேக்கர் என்று அறியப்பட்டவர், அதற்கு முன்பே நீர்மூழ்கிக் கப்பல் விபத்து ஒன்றைப் பற்றிப் படம் எடுத்த அனுபவம் உள்ளவர். திரைக்கதை எரிக் ஆம்ப்ளர், உளவு நாவல்களுக்குப் பேர்போனவர். உளவுக் கதை எழுதுகிறவருக்கு ஒரு தகவல் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது, எங்கே நின்றுபோனது என்பதில்தான் கண் இருக்கும். இந்தப் படத்துக்கு அந்தக் கண் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பார்க்கும்போதே உணர்வீர்கள்.

ஏனென்றால் இந்தப் படத்தின் மையம் பனிப்பாறை இல்லை, வயர்லெஸ் அறை. அன்று கப்பலில் இருந்த தந்திப் பணியாளர்கள் ஜாக் ஃபிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஆட்கள். பயணிகள் காசு கொடுத்து அனுப்பும் தனிப்பட்ட செய்திகள்தான் அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. அதற்குச் சற்று முன் கருவி பழுதாகி, மணிக்கணக்கில் மல்லுக்கட்டிச் சரிசெய்திருந்தார்கள். அதனால் அனுப்ப வேண்டிய செய்திகள் குவிந்து கிடந்தன. நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையத்தோடு தொடர்பு கிடைத்த ஏப்ரல் 14 இரவில் ஃபிலிப்ஸ் மூச்சுவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். ‘மெசாபா’ என்ற கப்பலிலிருந்து பனிப்பாறை எச்சரிக்கை வந்தது. அது கப்பலைச் செலுத்தும் அதிகாரிகள் நிற்கும் மேல்தளத்துக்குப் போய்ச் சேரவில்லை. படத்தில் எச்சரிக்கைத் தாள் மேசைமேல் இருப்பதையும், அதன்மேல் வேறு தாள்கள் வந்து விழுவதையும் காட்டுவார்கள். கேமரா அதை அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை. சோர்ந்துபோன இளைஞன் ஒருவன் வேலை பார்க்கிறான், அவ்வளவுதான். ஃபிலிப்ஸாக கென்னத் கிரிஃபித்தும் பிரைடாக டேவிட் மெக்காலமும் நடித்திருக்கிறார்கள். எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய இரண்டு பையன்கள் மாதிரியே இருப்பார்கள்.

அதே நேரம் வடக்கே சில மைல்களுக்கு அப்பால் ‘கலிஃபோர்னியன்’ என்ற சரக்குக் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே எஞ்சினை நிறுத்திவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தது. அதன் ஒரே தந்திப் பணியாளர் சிரில் எவன்ஸ், ‘பனி சூழ்ந்து நின்றுவிட்டோம்’ என்று டைட்டானிக்குக்குச் செய்தி அனுப்பினார். பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சத்தம் ஃபிலிப்ஸின் காதைப் பிளந்தது. ‘சும்மா இரு, நான் வேலையாக இருக்கிறேன்’ என்ற பாணியில் பதில் போனது. எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரவு பதினொன்றரை மணி வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். அவர் செய்தது தவறே இல்லை. ஒரே ஆள்தான், காலையிலிருந்து வேலை செய்திருக்கிறார். பத்து நிமிடம் கழித்து, 11.40க்கு டைட்டானிக் மோதியது.

இந்த இடத்திலிருந்து படம் மூன்று கப்பல்களுக்கு இடையே மாறி மாறிப் போகிறது. மூழ்கும் டைட்டானிக் ஒன்று. கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றும் அசையாத கலிஃபோர்னியன் இன்னொன்று. ஏறக்குறைய 58 மைல் தொலைவிலிருந்து பாய்ந்து வரும் ‘கார்ப்பேத்தியா’ மூன்றாவது. 1997 படத்தில் கலிஃபோர்னியனுக்கு இடமே இல்லை, கார்ப்பேத்தியா கடைசியில்தான் வருகிறது. அதனால் அந்தப் படத்தில் நாம் கப்பலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறோம். 1958 படத்தில் தவிப்பு வேறு வகையானது. உதவி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரியும் பயிற்சி மாலுமியும் தொலைவில் வெள்ளை ராக்கெட்டுகள் மேலே போவதைப் பார்க்கிறார்கள். எண்ணுகிறார்கள். எட்டு. அந்த வெளிச்சங்களின் சாய்வு ஏதோ சரியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். கீழே இருக்கும் கேப்டனிடம் பேச்சுக் குழாய் வழியாகச் சொல்கிறார்கள். அவர் மோர்ஸ் விளக்கால் தொடர்ந்து கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. தந்திப் பணியாளரை எழுப்பலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் காட்சிகளில் என் கை நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கார்ப்பேத்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அதன் தந்திப் பணியாளர் ஹெரால்டு காட்டம் படுக்கப் போகும் நேரம். வேறொரு செய்திக்குப் பதிலை எதிர்பார்த்து, காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமலே உடை மாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தற்செயலால்தான் அபாயச் செய்தி அவர் காதில் விழுந்தது. கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் கேட்ட மாத்திரத்தில் கப்பலைத் திருப்பச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் செய்தி உறுதிதானா என்று விசாரித்தார். வெந்நீரையும் அறைகளைச் சூடாக்கும் நீராவியையும் நிறுத்தி எல்லாவற்றையும் எஞ்சினுக்குத் திருப்பினார். ஓய்வில் இருந்த கரி அள்ளுபவர்களையும் எழுப்பினார். சூப், காபி, போர்வை, எந்த மருத்துவர் எந்த உணவுக்கூடத்தில் நிற்க வேண்டும் என்பதுவரை வரிசையாக ஆணைகள். மணிக்கு 14 கடல் மைல் ஓடும் கப்பல் பதினேழுக்கு மேல் ஓடியதாக அவரே பின்னால் சொன்னார். பனிப்பாறைகளுக்கு நடுவே இருட்டில் புகுந்து வந்து விடியற்காலை நான்கு மணிக்குச் சேர்ந்தார். கப்பல் 2.20க்கே போய்விட்டிருந்தது. படகுகளில் இருந்த 700க்குச் சற்று அதிகமானவர்கள்தான் மிஞ்சினார்கள்.

திரைக்கதையின் கட்டுக்கோப்பு இன்னொரு வகையிலும் வியப்பானது. படத்தின் நீளம் 123 நிமிடம். அரை மணி நேரம் போலப் போனதும் மோதல் நடந்துவிடுகிறது. மோதியதிலிருந்து மூழ்கியது வரை நிஜத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆக, நடந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியைப் பார்ப்பவரும் அங்கேயே உட்கார்ந்து கழிக்கிறார். முதலில் யாருக்கும் பயம் இல்லை. டெக்கில் விழுந்த பனிக்கட்டியை உதைத்து விளையாடுகிறார்கள். கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் வரைபடத்தை விரித்துவைத்து கேப்டனுக்குக் கணக்குச் சொல்லும் காட்சி வரும். முன்புற அறைகள் நான்கு நிரம்பினால்கூடக் கப்பல் மிதக்கும், ஐந்து நிரம்பிவிட்டது, தடுப்புச் சுவர்கள் போதிய உயரம் இல்லை, ஒன்று நிரம்பி அடுத்ததில் வழியும். ஒன்றரை மணி நேரம். மைக்கேல் குட்லிஃப் இதைச் சொல்லும் விதத்தில் அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. தான் பெற்ற பிள்ளையின் நோயை மருத்துவரே வாசித்துச் சொல்வதுபோல இருக்கும். அதற்குப் பிறகும் மேலே இசைக்குழு வாசிக்கிறது. திரைக்கென்று தனியாகச் சேர்த்த பின்னணி இசை மிகக் குறைவு. நாம் கேட்பதில் பெரும்பகுதி கப்பலில் ஒலிக்கும் இசையும் நீராவியின் இரைச்சலும் இரும்பின் முனகலும்தான்.

கறுப்பு-வெள்ளை என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். 1958இல் வண்ணப்படம் சாதாரணம். ஆனால் போரும் போருக்குப் பின் வந்த ஆண்டுகளும் பிரிட்டிஷ் சினிமாவில் ஓர் ஆவணப்பட மரபை வளர்த்திருந்தன. மெக்விட்டி அதிலிருந்து வந்தவர். ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த் இரவை அப்படியே இரவாக விடுகிறார். நிலவில்லாத வானம், அலையே இல்லாத கடல், அதில் வரிசை வரிசையாக விளக்கெரியும் கப்பல். அன்று கடல் அத்தனை அமைதியாக இருந்ததும் ஒரு காரணம்: பனிப்பாறையின் அடியில் அலை மோதி நுரைத்திருந்தால் கண்காணிப்பாளர்கள் முன்கூட்டியே பார்த்திருப்பார்கள்.

எடுத்த விதமும் சொல்லத் தகுந்தது. பைன்வுட் ஸ்டுடியோவில் கப்பலின் நடுப்பகுதியை மேல்தளங்களோடு பெரிதாகக் கட்டினார்கள். உள் அரங்குகளை ஜாக்கிகளின்மேல் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார்கள். உயிர்காப்புப் படகுகளை இறக்கும் காட்சிகளுக்கு, ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் உடைப்பதற்காக நின்றிருந்த ‘ஆஸ்டூரியாஸ்’ என்ற பழைய பயணிகள் கப்பலைப் பிடித்தார்கள். அதுவும் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டியதுதான். ஒரு பக்கம் ஏற்கெனவே உடைபடத் தொடங்கியிருந்ததால் மறுபக்கத்தை மட்டும் வைத்துச் சமாளித்தார்கள். தண்ணீரில் மக்கள் தத்தளிக்கும் காட்சிகளை லண்டனுக்குப் பக்கத்தில் ரைஸ்லிப் ஏரியில் குளிர்கால இரவில் எடுத்தார்கள். துணை நடிகர்கள் இறங்கத் தயங்க, கதாநாயகன் கென்னத் மோர் முதலில் குதித்தார். உடனே மூச்சு நின்று, இதயமே நின்றுவிடும் என்று தோன்றியதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். திரையில் தெரியும் நடுக்கம் நடிப்பு இல்லை.

உயிர் பிழைத்தவர்கள் படப்பிடிப்புக்கு வந்தார்கள். நான்காம் அதிகாரியாக இருந்த ஜோசஃப் பாக்ஸ்ஹால் தொழில்நுட்ப ஆலோசகர். இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த ஆசிரியர் லாரன்ஸ் பீஸ்லி, கப்பல் மூழ்கும் காட்சியில் துணை நடிகர்களோடு கலந்து நின்றுவிட்டார். இந்த முறையாவது கப்பலோடு போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். நடிகர் சங்க விதிகளுக்கு ஒத்துவராது என்று இயக்குநர் அவரைக் கீழே இறக்கினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மனிதர் மனதில் என்னவெல்லாம் சுமந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். படத்தில் வரும் சில துண்டுக் காட்சிகள் 1943இல் நாஜி ஜெர்மனி எடுத்த டைட்டானிக் படத்திலிருந்து எடுத்தவை. அந்தப் படம் ஆங்கிலேயரின் பேராசையைச் சாடும் பிரசாரம். அதை எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் ஹெர்பெர்ட் செல்பின் ராணுவத்தைப் பழித்துப் பேசியதாகக் கைதாகிச் சிறையிலேயே இறந்தார். படப்பிடிப்புக்குப் பயன்பட்ட ‘காப் ஆர்கோனா’ கப்பல் 1945 மே 3 அன்று வதைமுகாம் கைதிகளோடு நின்றிருந்தபோது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசி எரித்தன. இறந்தவர்கள் பல ஆயிரம் பேர், டைட்டானிக்கில் போனவர்களைவிட அதிகம். அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு நிஜம்?

பெரும்பகுதி நிஜம். ஐடா ஸ்ட்ராஸ் கணவரை விட்டுப் படகில் ஏற மறுத்தது, கோடீஸ்வரர் குகன்ஹைம் நல்ல உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றது, ரொட்டிக்காரர் சார்லஸ் ஜாஃகின் குடித்துவிட்டு நாற்காலிகளைக் கடலில் வீசியது, அவர் பிழைத்தது, எல்லாம் சாட்சியங்களில் இருப்பவை. ஆனால் பிழைகளும் உண்டு. படத்தின் தொடக்கத்திலேயே ஷாம்பெயின் பாட்டில் உடைத்துக் கப்பலுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். டைட்டானிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் நிறுவனத்தில் அந்த வழக்கமே கிடையாது. மெக்விட்டி பார்த்த அன்றும் அப்படி எதுவும் நடக்கவில்லை. புகைக்கும் அறையில் ஆண்ட்ரூஸ் வெறித்து நிற்கும் ஓவியத்தில் நியூயார்க் துறைமுகம் தெரியும். நிஜத்தில் அங்கே இருந்தது பிளிமத் துறைமுகத்தின் ஓவியம்.

பெரிய பிழை கடைசியில் வருகிறது. படத்தில் கப்பல் முழுசாக மூழ்கும். 1912இல் பிரிட்டிஷ் விசாரணை அப்படித்தான் முடிவு செய்தது. பிழைத்த அதிகாரிகளில் மூத்தவரான லைட்டோலரும் உடையவில்லை என்றே சாட்சி சொன்னார். நடுவில் உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொன்னவர்கள் பலர், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பாலார்டும் ழான் லூயி மிஷேலும் தலைமை தாங்கிய குழு ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது. பாக்ஸ்ஹால் அன்றிரவு கணக்கிட்டுக் கொடுத்த இடத்திலிருந்து சுமார் 13 மைல் தள்ளி. ஆகவே கடைசி நிமிடங்களைப் பொறுத்தவரை கேமரூனின் படம்தான் உண்மைக்கு நெருக்கம்.

சார்லஸ் லைட்டோலர் விஷயத்தில் படம் கொஞ்சம் சலுகை காட்டியிருக்கிறது. கென்னத் மோர் நடித்த பாத்திரம் இதுதான். மற்ற அதிகாரிகள் செய்ததையும் இவர் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அவர் துணிச்சலானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவிழ்ந்த படகின் முதுகில் இருபது முப்பது பேரை நிற்கவைத்து, இடமும் வலமும் சாயச் சொல்லி விடியும்வரை காப்பாற்றினார். 1940இல் தன் சொந்தப் படகில் டன்கர்க் போய் நூற்றுக்கும் அதிகமான வீரர்களை ஏற்றி வந்தார். ஆனால் ‘பெண்களும் குழந்தைகளும்’ என்ற ஆணையை அவர் மிகக் கறாராக எடுத்துக்கொண்டார். அருகில் பெண்கள் இல்லாதபோதுகூட ஆண்களை ஏற்றாமல் பாதி காலியாகப் படகுகளை இறக்கினார். கப்பலின் மறுபக்கத்தில் முதல் அதிகாரி முர்டாக் இடமிருந்தால் ஆண்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார். முழு ஆள் ஏற்றினால் படகு தாங்காது என்று லைட்டோலர் பயந்தார். அந்தப் படகுகளைக் கட்டிய இடத்திலேயே பாரம் ஏற்றிச் சோதித்திருந்தார்கள் என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. இருபது படகுகளில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேர். இருந்த இடத்திலும் நானூறுக்கும் மேல் வீணானது. இந்தக் கணக்கைப் படம் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

அநியாயம் என்று ஒன்றைச் சொல்வதானால், அது கலிஃபோர்னியன் கேப்டன் ஸ்டான்லி லார்டுக்கு நடந்தது. படம் அவரை இரவு உடையில், வசதியான படுக்கையில் தூங்கவைக்கிறது. அவர் உண்மையில் சீருடையைக்கூடக் கழற்றாமல் வரைபட அறையின் சோபாவில் சாய்ந்திருந்தார். படம் வந்தபோது அவருக்கு எண்பது வயது. விமர்சனங்களைப் படித்துவிட்டு, தன் பெயரைக் காப்பாற்றித் தரும்படி மாலுமிகள் சங்கத்தின் உதவியை நாடினார். 1962இல் இறந்தார், முடிவு தெரியாமலே. 1912 விசாரணை, கப்பல் பத்து மைலுக்குள் இருந்தது, போயிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றது. 1992இல் பிரிட்டிஷ் அரசின் மறு ஆய்வு, தூரம் இன்னும் அதிகமாகவே இருந்திருக்கும், போயிருந்தாலும் கப்பல் மூழ்கிய பிறகுதான் சேர்ந்திருக்கும் என்றது. ஆனால் ராக்கெட்டுகளைப் பார்த்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதை அதுவும் மறுக்கவில்லை. என் கருத்தும் அதுதான். மைல் கணக்கு எதுவாக இருந்தாலும், தந்திப் பணியாளரை ஒருமுறை தட்டி எழுப்பியிருக்கலாம். அதற்காகக் கேப்டன் லார்டுக்கு இரவு உடை மாட்டிவிட்டது நியாயமில்லை.

இதோடு ஒப்பிட ஒன்று. 1997 படத்தில் முதல் அதிகாரி முர்டாக் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாவார். உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்த ஊரான டல்பீட்டியில் மக்கள் கொதித்தார்கள். பட நிறுவனத்தின் அதிகாரி நேரில் போய், உள்ளூர்ப் பள்ளிப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டு கொடுத்துவிட்டு வந்தார். நிஜமான மனிதர்களின் பெயரை வைத்துக் கதை சொல்லும்போது இது எப்போதும் உள்ள ஆபத்து. இரண்டு படங்களுமே அதில் சறுக்கியிருக்கின்றன.

மூன்றாம் வகுப்புப் பயணிகளைப் பற்றி 1958 படம் எதுவும் சொல்லவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. படத்தின் ஆரம்பத்திலேயே அயர்லாந்துக் குடும்பங்கள் ஊர் விட்டுக் கிளம்புவதும், அநாதை விடுதிப் பிள்ளைகள் பிரபுவின் வண்டிக்குக் கையசைப்பதும் வந்துவிடுகின்றன. கீழ்த்தளத்தில் கதவுகள் பூட்டிக் கிடக்க, வழி தெரியாமல் மக்கள் முட்டிமோதுகிறார்கள். சிலர் எப்படியோ மேலே ஏறி முதல் வகுப்பு உணவுக்கூடத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள், அடுக்கிவைத்த வெள்ளிப் பாத்திரங்கள். உயிருக்கு ஓடிவந்தவர்கள் அதைப் பார்த்து ஒரு கணம் மலைத்து நின்றுவிடுகிறார்கள். வர்க்கத்தைப் பற்றி எந்த வசனமும் இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் விசாரணையின் கணக்குப்படியே முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர்தான். அந்த விசாரணை மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றாமலே, பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்பும் எழுதியது.

இந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் கப்பல் மூழ்கிய பிறகு வருவது. கவிழ்ந்த படகின்மேல் நிற்கும் லைட்டோலர், பக்கத்தில் நிற்கும் பயணி கர்னல் கிரேசியிடம் பேசுகிறார். சிறுவயதிலிருந்து கடலில் இருக்கிறேன், இதற்கு முன்பும் கப்பல் உடைந்து தப்பியிருக்கிறேன், கடல் என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும்; ஆனால் இது வேறு. நாம் அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தோம், இனி எதைப் பற்றியும் என்னால் அப்படி நம்ப முடியாது என்கிற பொருளில் சொல்வார். ஆம்ப்ளர் எழுதிய வசனம்தான். ஆனால் படம் முழுக்கக் காட்டியதிலிருந்து இயல்பாகப் பிறந்தது. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகு போதும் என்று 1894இல் எழுதிய விதி, 46,000 டன் கப்பல் வந்த பிறகும் மாறாமல் இருந்தது. நிறுவனம் விதியை மீறவே இல்லை. கேட்டதைவிட நான்கு படகு கூடுதலாகவே வைத்திருந்தது. எல்லோருக்கும் படகு, இருபத்துநான்கு மணி நேர வயர்லெஸ் கண்காணிப்பு, பனிப்பாறைகளைத் தேடும் ரோந்து எல்லாம் அதற்குப் பிறகு, 1913-14இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டின் வழியாக வந்தவை.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். முதல் அரை மணி நேரத்தில் முகங்கள் வேகமாக வந்துபோகும். இருநூறு பேருக்கு வசனம் உண்டு. யார் யார் என்று குழம்ப வேண்டாம். வயர்லெஸ் அறை, கலிஃபோர்னியனின் மேல்தளம், ஆண்ட்ரூஸ் ஆகிய மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் தானாகவே மனதில் பதிவார்கள். மீட்டெடுத்த தெளிவான பிரதி கிடைக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். இரவுக் காட்சிகள் மங்கலான பிரதியில் வெறும் இருட்டாகிவிடும். ஆங்கில சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள். ஐரிஷ்காரர்களின் உச்சரிப்பும், நீராவி இரைச்சலுக்கு நடுவே அதிகாரிகள் கத்தும் ஆணைகளும் அது இல்லாமல் நம் காதுக்குப் பிடிபடுவது கஷ்டம்.